செற்றிக்கு மேலே வரைபடம் மாட்டலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1990இல் இடம்பெயர்ந்த நாங்கள், காணி விடுபட்ட பிறகு தெல்லிப்பழையில் திரும்பவும் வீடு கட்டி, போன மாதம்தான் குடிபூந்தோம். லண்டனில் இருக்கும் மைத்துனர் பழைய புத்தகமொன்றிலிருந்து எடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் ஊர்த் தேவாலயத்தின் படமாம், 1672ஆம் ஆண்டாம். அதன் படத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன். முழு இலங்கையையும் காட்டும் 1606ஆம் ஆண்டு வரைபடமொன்றின் படத்தை அவர் வட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறார். அதை நாலடி அகலத்தில் கன்வஸில் பிரின்ற் எடுத்து, ஹோலில் செற்றிக்கு மேலே மாட்டலாம் என்கிறான் மகன். பழைய தாளை லமினேற் பண்ணிப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்கள் ஒரு கடையில். அந்தத் தாள் உண்மையிலேயே பழையதுதானா? நாலடி சரிவருமா? வேறு எந்த வரைபடம் வீட்டுக்குப் பொருந்தும்?

பதில்:

ரீச்சர், லமினேற் கதையை முதலிலேயே நிறுத்திவிடுவோம். அந்த மெஷின் தாளைச் சூடாக்கி, பசையோடு இரண்டு பிளாஸ்ரிக் படலத்துக்கு நடுவே ஒட்டிவிடும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. போட்டோக்கொப்பிக்குச் சரி, மைத்துனர் தந்த தாளுக்கு வேண்டவே வேண்டாம். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் ஊரில் எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் லமினேற்தானே மருந்து.

இனி, தாள் பழையதா என்ற கேள்வி. நீங்கள் அனுப்பியது முன்பக்கப் படம் மட்டும். எனக்குப் பின்பக்கம்தான் கூடுதலாக வேண்டும். ஆனால் மைத்துனர் சொன்ன ஆண்டும் ஊரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து பிடித்தபோது அவர்களோடு வந்த பாதிரியார் பிலிப்புஸ் பால்டேயுஸ். சில ஆண்டுகள் இங்கேயே இருந்து, ஊர் ஊராகத் திரிந்து, தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் பார்த்தார். அவர் எழுதிய பெரிய புத்தகம் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. மலபார்க் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை என்று மூன்றையும் பற்றியது. அதில் குடாநாட்டுத் தேவாலயங்கள் பலவற்றைச் செப்புத்தகட்டுச் சித்திரங்களாகப் போட்டிருக்கிறார்கள். தெல்லிப்பழையும் அவற்றில் ஒன்று. நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: எங்கள் அரிச்சுவடியையும் செப்புத்தகட்டில் வெட்டி அதே புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆண்டு பொருந்தினால் போதாது. அந்தப் புத்தகத்தின் படங்களைப் பிறகு வந்தவர்கள் எத்தனையோ தரம் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். நீங்களே வீட்டில் மூன்று சோதனை செய்யலாம். கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு, படத்தின் வெளி ஓரத்திலிருந்து தாளின் வெறும் பகுதி வரை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். செப்புத்தகட்டை ஈரத் தாளில் வைத்து உருளைகளுக்கிடையில் நெரித்துத்தான் அச்சிட்டார்கள். அதனால் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளக் கோடு கிடக்கும். அடுத்தது, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை, முத்திரை சேர்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதை எழுத்துக்கு மேலே பிடியுங்கள். கோடு ஒரே மையில் தொடர்ச்சியாக ஓடி, முடியும் இடத்தில் ஊசிபோலக் கூராகினால் அது உளி வெட்டிய கோடு. நீலமும் சிவப்பும் மஞ்சளும் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது எங்கள் காலத்து அச்சு, கேள்விக்கே இடமில்லை. மூன்றாவது, தாளைப் பகல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் நேர்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான சிறு கோடுகளும் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் தாள் வார்த்த கம்பித் தட்டின் தடம் அது.

மூன்றும் சேர்ந்து அமைந்தால் நம்பலாம். ஒன்று மட்டும் அமைந்தால் அவசரப்பட வேண்டாம்.

தாள் எவ்வளவு பழுப்போ அவ்வளவு பழசு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கிட்டத்தட்ட நேர்மாறு. 1600களில் தாள் செய்தது பழைய லினன் கந்தல் துணியில். கவனமாக வைத்திருந்தால் இன்றைக்கும் வெளுப்பாக, மடித்தாலும் முறியாமல் இருக்கும். பொருபொருவென்று பழுப்பேறி உடைவது பெரும்பாலும் மரக்கூழில் செய்த பிற்காலத் தாள்தான். பரணில் கிடக்கும் ஐம்பது வருடப் பழைய பேப்பரை எடுத்துப் பார்த்தாலே தெரியும். தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் ‘பழசாக்கிய’ தாள்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் தேத்தண்ணி மணக்கும்.

நிறம் தீட்டியிருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பச்சை நிறம் செம்புக் களிம்பிலிருந்து செய்தது. வருடங்கள் போகப் போக அது தாளை அரித்து, முன்பக்கம் பச்சையாக இருக்கிற இடமெல்லாம் பின்பக்கம் மண்ணிறமாகிவிடும். அப்படி இருந்தால் நிறமும் பழசு. பின்பக்கம் பளிச்சென்று இருந்தால், விற்பனைக்காக யாரோ பிற்பாடு தீட்டியிருக்கக்கூடும். அதனால் தாள் பொய்யாகிவிடாது, விலைதான் குறையும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மைத்துனர் இன்னும் தாள்கள் வாங்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல புத்தகங்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்கிறார்கள். ஒரு தாள் சுவருக்கு வருவதற்காக ஒரு முழுப் புத்தகம் இல்லாமல் போகிறது.

சரி, நாலடி கன்வஸ்.

மகன் கோபிக்கக்கூடாது, கணக்கைப் பார்ப்போம். நல்ல பிரின்ற்றுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நாலடி 48 அங்குலம், ஆகவே அகலத்துக்கு மட்டும் 14,400 புள்ளி. வட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் நீளப் பக்கத்திலே 1,600 புள்ளி அளவில்தான் இருக்கும். அதை ஒழுங்காக அச்சிட்டால் ஐந்தங்குலச் சொச்சம் வரும், ஒரு தபாலட்டை. நாலடிக்கு இழுத்தால் செற்றிக்கு எதிர்ப்புறம் நின்று பார்க்க ஏதோ பழைய வரைபடம் போலத் தெரியும். கிட்டப் போனால் ஒரு பெயரும் வாசிக்க முடியாது. கன்வஸ் இன்னும் கெடுக்கும். பூவுக்கும் கடற்கரைக்கும் கன்வஸ் நல்லது. மயிரிழைக் கோட்டை அந்த நெசவின் மேடு பள்ளம் துண்டு துண்டாக்கிவிடும்.

அப்படியானால் பெரிய கோப்பு கிடைத்தால் சரியா? கோப்பு கிடைக்கும். அம்ஸ்ரடாமின் ரைக்ஸ் மியூசியம் பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்திலும், டேவிட் றம்சி என்ற அமெரிக்கரின் இணைய வரைபடத் தொகுப்பிலும் பெரிய அளவுப் படங்கள் உண்டு. றம்சி தொகுப்பை வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது, உங்கள் வீட்டுச் சுவருக்குத் தடையில்லை. ஆனால் கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் நாலடிக்குப் போகமாட்டேன். மகன் சொல்வது அம்ஸ்ரடாமில் வரைபடம் அச்சிட்ட ஹொண்டியுஸ் வெளியிட்ட வரைபடம் என்று நினைக்கிறேன். அதன் அசல் ஏறக்குறைய 20 அங்குல அகலம். மேசையில் விரித்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் வாசிக்கிறவருக்காக ஒருவர் கண்ணைச் சுருக்கி வெட்டிய எழுத்து அது. இரண்டரை மடங்கு ஊதினால் எழுத்து சுவரொட்டி எழுத்தாகிவிடும், கோடு கயிறாகிவிடும். அசல் அளவிலேயே எடுங்கள். ஆசைக்கு 24 அங்குலம் வரை போகலாம், அதற்கு 7,200 புள்ளி போதும்.

இதை எனக்கு விளங்கவைத்தவர் புங்குடுதீவு ஐயா ஒருவர். என் பிரேம் கடை வாசலில் பால்டேயுஸின் யாழ்ப்பாண வரைபடத்தின் நகல் ஒன்றை, வேறு இடமில்லாமல், நெஞ்சளவு உயரத்தில் மாட்டியிருந்தேன். மகளின் கலியாணப் படத்துக்குப் பிரேம் போட வந்தவர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு தீவாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி பூத்தது. துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “தம்பி, எங்கட ஊருக்கு மேல ஏன் மிடில்பேர்க் எண்டு எழுதிக் கிடக்கு?” என்றார். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையெல்லாம் கொண்டுவந்து எங்கள் தீவுகளுக்கு வைத்த கதையைச் சொன்னேன். காரைதீவு அம்ஸ்ரடாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை” என்று சொல்லிவிட்டு இன்னும் கால் மணித்தியாலம் நின்றார். கலியாணப் படத்துக்கு என்ன நிறப் பிரேம் என்று நான் இரண்டு தரம் கேட்டும் பதிலில்லை.

அன்றிலிருந்து வரைபடம் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதை வீட்டில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதுதான். அளவு, தாள், கண்ணாடி, சுவர் எல்லாம் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

உங்கள் வீட்டில் வாசிக்கப் போவது நீங்கள்தான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் 1606ஆம் ஆண்டு வரைபடம் உங்களுக்கு அவ்வளவு உகந்ததல்ல என்று நினைக்கிறேன். அழகானதுதான். இந்தத் தீவை அதன் குடிகள் ‘தெனாரிசின்’ என்று அழைக்கிறார்கள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கும். எந்த ஊர்க் குடிகளோ, நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முழு இலங்கையையும் ஒரே தாளில் அடக்கியதில் வடக்குக்குக் கிடைத்தது ஒரு சிறு மூலை. தெல்லிப்பழையைத் தேடினால் ஏமாற்றம்தான். இன்னும் பழசு வேண்டும் என்று சிலர் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தொலமியின் தப்ரபேன் வரைபடத்தைக் கேட்பார்கள், தப்ரபேன் என்பது இலங்கைக்கு அவர்கள் வைத்த பெயர், 1540இல் செபஸ்தியான் மூன்ஸ்ரர் வெளியிட்ட பதிப்பில் பெரிய யானையும் உண்டு, பிள்ளைகளின் அறைக்கு நல்லது. குடாநாட்டை அதில் அடையாளம் காணவே முடியாது.

நான் இரண்டு சொல்வேன். ஒன்று, அதே பால்டேயுஸ் புத்தகத்திலுள்ள யாழ்ப்பாணமும் தீவுகளும் வரைபடம். மைத்துனர் தந்த தாளுக்கு அது கூடப்பிறந்தது மாதிரி, பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று விளக்கும். மற்றது, யாரும் ‘அலங்காரம்’ என்று நினைக்காத ஒன்று: நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தாள். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் காட்டும் அந்த வரிசையில் குளம், கோயில், ஒழுங்கை, காங்கேசன்துறை ரயில் பாதை, தெல்லிப்பழை ஸ்ரேசன் எல்லாம் இருக்கும். 1990க்கு முந்திய பதிப்பாகப் பார்த்து எடுத்தால், நீங்கள் பள்ளிக்கூடம் போன வழியை விரலால் போய்ப் பார்க்கலாம். நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமை அலுவலகத்தில் விசாரியுங்கள். அவர்களுடைய வரைபடத்தை நகலெடுப்பதானால் அவர்களிடமே அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் யானையும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனாலும் என்னிடம் பிரேம் போட்டுக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்து அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இந்தத் தாளை வாங்கியவர்கள்தான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஒல்லாந்த வரைபடங்கள் சிலவற்றில் வடக்கு மேலே இருக்காது, இடப்பக்கம் இருக்கும். ஒருவர் பிரேம் போட்ட வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று நிமிர்த்தி மாட்டிவிட்டார். இலங்கை நேராக நின்றது, எழுத்தெல்லாம் படுத்துவிட்டது.

பிரின்ற் எடுக்கப் போகுமிடத்தில் மை என்னவென்று கேளுங்கள். பிக்மன்ற் மை வேண்டும், டை மை எங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். தாள், மினுங்கல் இல்லாத பருத்தித் தாள், சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில் தடிப்பாக. ‘ஜிக்லே’ என்று சொல்லி விலையை ஏற்றினால் மிரள வேண்டாம். பீய்ச்சுவது என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 1990களின் தொடக்கத்தில் எடுத்து வைத்த பெயர் அது, உள்ளே இருப்பது நல்ல இங்க்ஜெட்தான். படத்தை வெள்ளையாக்கவும் விடாதீர்கள், மஞ்சளாக்கவும் விடாதீர்கள். மடிப்பும் கறையும் உள்ளபடியே வரட்டும். சுற்றிவர வெறும் ஓரம் இரண்டங்குலம் விடச் சொல்லுங்கள். பின்பக்கம் பென்சிலால் ‘நகல்’ என்றும், எங்கிருந்து எடுத்தது என்றும், ஆண்டையும் எழுதிவையுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை அதை அசல் என்று எண்ணி ஏமாறவோ ஏமாற்றவோ கூடாது.

பிரேமில் நான் விட்ட பிழையொன்றைச் சொல்லத்தான் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டாரின் பழைய வரைபடத்தைச் செலோரேப்பால் ஹாட்போட்டில் ஒட்டி, கண்ணாடி தாளில் முட்டும்படி இறுக்கிக் கொடுத்தேன். மூன்று மாரி போனது. திருப்பிக் கொண்டுவந்தபோது ரேப் ஒட்டிய இடமெல்லாம் தேன் நிறக் கறை, ஹாட்போட் பட்ட பின்பக்கம் முழுக்கப் பழுப்பு, கண்ணாடியில் ஒட்டிய ஒரு மூலை கழற்றும்போது உரிந்து வந்தது. பூஞ்சணம் மிளகு தூவியது போலப் பரவியிருந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதனால் நகலானாலும் இப்படித்தான் செய்யுங்கள். அமிலமில்லாத மவுன்ற் மட்டையில் சாளரம் வெட்டி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும். தாளை நாலு பக்கமும் ஒட்டக்கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் துண்டைக் கோதுமை மாப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும், மாரியில் தாள் கொஞ்சம் விரிந்து சுருங்க வழி வேண்டும். பசை கொஞ்சமாக இருக்கட்டும், மாப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பின்னுக்கும் அமிலமில்லாத மட்டைதான், ஹாட்போட் வேண்டாம். பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும், கறையான் மண் ஏறினாலும் கண்ணில் படும்.

வீடு புதிது என்கிறீர்கள். புதுச் சீமெந்துச் சுவர் ஈரத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு மாரி போய் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள், அதுவரை பிரேம் அறையில் சாய்ந்திருக்கட்டும். வெளிச்சுவர் வேண்டாம், மேற்கு யன்னலுக்கு எதிரேயும் வேண்டாம். செற்றிக்கு மேலே மாட்டினால், பார்க்க விரும்புகிறவர் இருக்கிற ஆளின் தலைக்கு மேலால் எக்க வேண்டும், ஆகவே ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஹோலிலிருந்து குசினிக்குப் போகும் நடையில் உட்சுவர் ஏதாவது இருந்தால் அங்கே, வரைபடத்தின் நடு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி மாட்டுங்கள். கீழே ஒரு கதிரை இருந்தால் இன்னும் நல்லது. ஹோலுக்கு மகன் விரும்பிய கன்வஸில் கீரிமலைக் கடலைப் போடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.

அசல் தாள் சுவருக்கு வரவே வேண்டாம். அதையும் நகலெடுத்து, நகலை மாட்டுங்கள். மடிப்பை நிமிர்த்த அழுத்தாதீர்கள், மின்னழுத்தியைக் கிட்டேயும் கொண்டுபோகாதீர்கள். அமிலமில்லாத உறையில் தட்டையாக வைத்து, இரும்பு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். ஏட்டுக்கு வைத்த பழக்கத்தில் வேப்பிலை வைக்கிறவர்கள் உண்டு, பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும், அது வேண்டாம். வருடத்தில் இரண்டு தரம் திறந்து பார்த்தால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் கொண்டுவர முடிந்தால் நானே பார்த்துப் படமெடுத்துத் தருகிறேன். சுருட்டிக்கொண்டு வராதீர்கள், தாளைவிடப் பெரிய இரண்டு மட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முதல், பின்பக்கத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், ‘டொக்கியுமன்ற்’ என்று இருக்கும் இடத்தால் அனுப்பச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். அப்படியென்றால் படம் சுருங்காமல் வரும்.